தேங்காய் எண்ணெய் போட்ட பிஸ்டல்: ஒரு கைத்துப்பாக்கிய எத வச்சு நம்பறது?

டிசம்பர் மாசம், காலைல ஏழு மணி இருக்கும், ரேஞ்ச்ல பனி இன்னும் முழுசா விலகல, கைய தேய்ச்சுக்கிட்டு நிக்கறோம், என் மச்சான் தன்னோட பழைய .32 (குண்டோட குறுக்களவு, அங்குலத்துல) பிஸ்டல எடுத்து டார்கெட்ட பாத்து ட்ரிகர இழுத்தான், டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு, தோட்டா வெடிக்கல. என்னாச்சுன்னு உடனே திருப்பி பாக்கப் போனான், நான் "அப்படியே புடி, டார்கெட் பக்கமே காட்டிக்கிட்டு இரு"ன்னு கத்தி முப்பது எண்ணச் சொன்னேன், ஏன்னா சில சமயம் கேப், அதான் தோட்டா அடியில பின் குத்தினா நெருப்பு புடிக்கற மூடி, லேட்டா புடிச்சு வெடிக்கும், அந்த நேரம் முகத்துக்கிட்ட இருந்தா அவ்வளவுதான். முப்பது எண்ணி முடிச்சு, பிஸ்டல் மேல முன்னாடி பின்னாடி ஓடற ஸ்லைட இழுத்து தோட்டாவ வெளிய எடுத்தோம். அடுத்தது சுட்டுச்சு. அதுக்கு அடுத்தது மறுபடி டிக். எட்டு தோட்டால அஞ்சு வெடிக்கல. மச்சானுக்கு முகமே சுருங்கிப் போச்சு. "மாமா, வெளிநாட்டு பிராண்டுன்னு தானே இவ்ளோ காசு குடுத்து வாங்கினேன், இதுக்கு நம்ம நாட்டு கான்பூர் ரிவால்வரே வாங்கியிருக்கலாம்"னான்.

நான் பிஸ்டல அப்ப தொடவே இல்ல. வெடிக்காத அஞ்சு தோட்டாவையும் உள்ளங்கைல வச்சு வெளிச்சத்துல பாத்தேன். கேப் மேல ஃபயரிங் பின் குத்தின பள்ளம் இருக்கு, ஆனா நகத்தால லேசா அழுத்தின மாதிரி தான் இருக்கு. சுட்ட மூணு காலி கேஸ்லயும் பாத்தா பள்ளம் நல்லா ஆழமா விழுந்திருக்கு. அப்ப தோட்டா மேல பழி இல்ல, பின் போய் குத்தற வேகம் தான் குறையுதுன்னு தெரிஞ்சு போச்சு. தளியில அவன் வீட்டுக்கு வந்து டேபிள் மேல பழைய வேட்டி ஒன்ன விரிச்சு கழட்டினோம். ஃபயரிங் பின் ஓடற ஓட்டைக்குள்ள குச்சி விட்டு எடுத்தா வெள்ளையா மெழுகு மாதிரி வருது. என்ன எண்ணெய் போட்டன்னு கேட்டேன். "நம்ம வீட்டு தேங்காய் எண்ணெய் தான் மாமா, செக்குல ஆட்டினது, கலப்படமே கிடையாது"ன்னான்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிரும், பாட்டில்லயே பாக்கறோம்ல. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் டிசம்பர் காலைல எவ்வளவு குளிர் இருக்கும்னு அந்த ஊர்க்காரங்களுக்கு தெரியும், அந்த பிஸ்டல் ராத்திரி பூரா கார் டிக்கில கிடந்திருக்கு. உறைஞ்ச எண்ணெய்க்குள்ள நீந்திக்கிட்டு போய் பின் எப்படி ஓங்கி குத்தும்? இதே பிஸ்டல மே மாசம் தர்மபுரி வெயில்ல சுட்டிருந்தா எட்டும் வெடிச்சிருக்கும், பிராண்டுன்னா பிராண்டு தான்னு அவன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். மண்ணெண்ணெய்ல கழுவி, அந்த ஓட்டைய பஞ்சு வச்சு காய விட்டு, ஸ்லைடு ஓடற தண்டவாளத்துல மட்டும் மெல்லிசான கன் ஆயில் ஒரு ஒரு சொட்டு விட்டு, அடுத்த மாசம் அதே மாதிரி ஒரு குளிர் காலைல போனோம். 16 தோட்டா, 16-ம் வெடிச்சுச்சு.

நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். ராணுவத்துல ரிப்பேர் வேலை பாக்கற ஈஎம்ஈ பிரிவுல ஆர்மரரா, அதான் துப்பாக்கி பழுது பாக்கறவனா, 22 வருஷம் இருந்தேன், இப்ப காவேரிப்பட்டணத்துகிட்ட மாந்தோப்பு பாத்துக்கிட்டு இருக்கேன், லைசென்ஸ்ல ஒரு .32 ரிவால்வர் இருக்கு. ரிட்டையர் ஆகி வந்த நாள்ல இருந்து லைசென்ஸ் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க, செக்யூரிட்டி வேலைக்குப் போற நம்ம எக்ஸ் சர்வீஸ்மேன் பசங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, எந்த பிராண்ட் நல்லதுண்ணா, எது உழைக்கும்ணான்னு. ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து முழுசா எழுதறேன்.

ராணுவத்துல எங்க கைல இருந்தது 9 எம்எம் பிஸ்டல், 1935-ல பெல்ஜியம் எஃப்என் கம்பெனி கொண்டு வந்த பிரவுனிங் ஹை பவர் வம்சம், 13 ரவுண்டு, அதாவது 13 தோட்டா புடிக்கற மேகசின். எங்க யூனிட்ல அதுல ஒரு பிஸ்டலுக்கு ராசியில்லாததுன்னே பேரு. எவன் கைக்குப் போனாலும் ரெண்டு மூணு ரவுண்டுக்கு ஒரு தடவை தோட்டா மூக்கு மேல தூக்கிக்கிட்டு, தோட்டா உக்காந்து வெடிக்கற அறையான சேம்பர் வாசல்ல சிக்கி நிக்கும். பசங்க அத எடுக்கவே மாட்டாங்க, எனக்கு வேற குடு சார்ன்னு சண்டை போடுவாங்க. நானும் முதல்ல காலி கேஸ இழுக்கற எக்ஸ்ட்ராக்டர பாத்தேன், சேம்பர பாத்தேன், தோட்டா ஏறற சரிவான ஃபீட் ராம்ப தடவி பாத்தேன், ஒண்ணும் இல்ல. அப்பறம் எனக்கு வேலை சொல்லிக்குடுத்த ஹவில்தார் ஒருத்தர் இருந்தாரு, அவரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "மேகசின மாத்திப் பாத்தியாப்பா?" மாத்தினேன். ராசியில்லாத பிஸ்டல் சுத்தமா ஓடுது, அதோட மேகசின் போன பிஸ்டல் சிக்குது. மேகசின் வாய் இருக்குல்ல, தோட்டாவ ரெண்டு பக்கமும் புடிச்சு வச்சிருக்கற அந்த மடிப்பு, அது எப்பயோ சிமெண்ட் தரைல விழுந்து ஒரு பக்கம் லேசா வெளிய விரிஞ்சிருக்கு. கண்ணுக்கு தெரியாது, விரல் வச்சு தடவினா தான் தெரியும்.

அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் பிஸ்டல் சிக்குதுன்னு யார் வந்து சொன்னாலும் எந்த மேகசின்லன்னு தான் முதல்ல கேக்கறேன். மேகசின் அடியில 1, 2ன்னு நம்பர் போட்டு வைங்க, நெயில் பாலிஷ் போதும். கோளாறு மேகசின் நம்பர் கூட போகுதா, துப்பாக்கி கூடயே தங்குதான்னு பாத்தா பாதி வைத்தியம் முடிஞ்சது.

சரி, பெரிய பிராண்டுங்க கதைக்கு வரேன். கோல்ட் கம்பெனியோட 1911 பிஸ்டல், ஜான் பிரவுனிங் டிசைன் பண்ணது, 1911 மார்ச்சுல அமெரிக்க ராணுவம் வச்ச சோதனைல 6000 ரவுண்டு சுட்டாங்க, சூடானப்ப தண்ணில முக்கி எடுத்து திரும்ப சுட்டாங்க, ஒரு தடவை கூட சிக்கலன்னு தான் பதிவு. ஆனா அதே 1911 டிசைன இன்னைக்கு உலகத்துல எத்தனையோ கம்பெனி பண்ணுது, அந்த 6000 ரவுண்டு பெருமைய எல்லாருமே சேர்த்து விக்கறாங்க. அது அந்த ஒரு பிஸ்டல் வாங்கின மார்க்கு. உங்க கைல இருக்கறதுக்கு நீங்க தான் மார்க் போடணும்.

பெரெட்டாவ எடுத்துக்கங்க. 1985-ல அமெரிக்க ராணுவம் அத எம்9-ன்னு எடுத்துக்கிச்சு. கொஞ்ச நாள்லயே சில பிஸ்டல்ல ஸ்லைடு ரெண்டா உடைஞ்சு பின்பக்கத் துண்டு சுட்டவன் முகத்துல வந்து அடிச்சுச்சு. அதுக்கப்பறம் ஸ்லைடு உடைஞ்சாலும் பின்னாடி பறந்து வராத மாதிரி ஹேமர், அதான் ஃபயரிங் பின்ன அடிக்கற சுத்தியல், அது மாட்டற ஆணியோட தலைய பெருசாக்கினாங்க. அது முடிஞ்சு பல வருஷம் கழிச்சு ஈராக்ல அதே எம்9 சிக்குதுன்னு புகார் வந்துச்சு. அந்த தடவை துப்பாக்கி மேல தப்பு இல்ல, வேற காண்ட்ராக்ட்காரங்க செஞ்சு குடுத்த மேகசின் மேல சொரசொரப்பான கோட்டிங், பாலைவனத்து மண்ணு அதுல ஒட்டிக்கிட்டு தோட்டா மேல ஏற மாட்டேங்குது. ஒரே பேர்ல ரெண்டு புகார், ஒண்ணு இரும்புல, ஒண்ணு மேகசின்ல. பெரெட்டா நல்லதா கெட்டதான்னு ஒரு வரில கேட்டா நான் என்னன்னு சொல்றது.

சிக் சாவர் கம்பெனியோட பி320 பிஸ்டல், 2017 ஜனவரில அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல கடைல வித்த மாடல் ஒரு குறிப்பிட்ட கோணத்துல கீழ விழுந்தா தானா வெடிக்குதுன்னு வெளிய வந்து கம்பெனியே உள்ள பாகங்கள இலவசமா மாத்திக் குடுக்கறோம்னு அறிவிச்சுச்சு. இவ்வளவு பெரிய பரிட்சை பாஸ் பண்ண டிசைன்லயும் இப்படி ஒண்ணு வரும். அதனால செகண்ட் ஹேண்ட்ல எந்த துப்பாக்கி வாங்கினாலும் அந்த மாடல்ல ஏதாவது திருத்தம் வந்துச்சா, இந்த பீஸ்ல அந்த திருத்தம் பண்ணியாச்சான்னு கேக்கணும்.

க்ளாக் கதை இதுக்கு நேர் எதிர். 1982-ல ஆஸ்திரியா ராணுவம் க்ளாக் 17-அ எடுத்தப்ப அத பண்ண ஆளுக்கு துப்பாக்கில பேரே கிடையாது. காஸ்டன் க்ளாக் அது வரைக்கும் கர்ட்டன் கம்பி, கத்தி, குழி தோண்ற மண்வெட்டி இதெல்லாம் பண்ணிக்கிட்டு இருந்தவரு. பிராண்ட பாத்து எடுத்திருந்தா அவர வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க. டெஸ்ட் வச்சாங்க, பாகம் கம்மி, பிளாஸ்டிக் ஃப்ரேம், துரு ஏறாத மாதிரி ஸ்லைடுக்கு நைட்ரைட் ட்ரீட்மென்ட், ஓடுச்சு, எடுத்தாங்க. இன்னைக்கு நம்ம தேசிய பாதுகாப்புப் படை (என்எஸ்ஜி) கமாண்டோ கைல வரைக்கும் அது இருக்கு.

ஆனா ஒண்ணு, இதெல்லாம் 9 எம்எம், நம்ம ஊர்ல தனி ஆளுக்கு அது தடை பண்ண போர், அதான் துப்பாக்கிக் குழாயோட அளவு, லைசென்ஸ்ல பொதுவா கிடைக்காது. நமக்கு கைத்துப்பாக்கின்னா பெரும்பாலும் .32, கொஞ்சம் பேர்கிட்ட .22. வெளிநாட்டுல இருந்து தனி ஆளுங்க இறக்குமதி பண்றது எண்பதுகள்லயே நின்னு போச்சு, அதனால நம்மகிட்ட கை மாறி கை மாறி வர வெளிநாட்டு பிஸ்டல், வால்தர் ஆகட்டும் பழைய வெப்லி ஆகட்டும் பிரவுனிங் ஆகட்டும், எதுவா இருந்தாலும் நாப்பது வருஷம் தாண்டினது தான் பெரும்பாலும். அத்தனை வருஷம் யார் வீட்டுல இருந்துச்சு, என்ன எண்ணெய் பாத்துச்சு, யார் அரம் வச்சு தேய்ச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வாங்கறவன் மேல பொறிச்சிருக்கற பேர மட்டும் பாத்து லட்சக்கணக்குல எடுத்து வைக்கறான், எனக்கு அத பாக்கவே வயிறு எரியும்.

நம்ம நாட்டுது எடுத்தா கான்பூர்ல பண்ற .32 ரிவால்வர் தான் ரொம்ப காலமா ஓடறது, பழைய வெப்லி மாதிரி நடுவுல மடக்கி திறக்கற வகை. 2014 ஜனவரில நிர்பீக் வந்துச்சு, டைட்டானியம் கலந்து செஞ்சது, அரைக் கிலோ எடை, அப்ப விலை 1.22 லட்சம். 2021 அக்டோபர்ல அரசாங்க ஆயுதத் தொழிற்சாலைகள நடத்தின ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்ட ஏழு கம்பெனியா பிரிச்சதுக்கு அப்பறம் 2023 ஆகஸ்ட்ல பிரபல்னு ஒண்ணு விட்டாங்க, அது சிலிண்டர், அதான் தோட்டா போடற சுத்தற உருளை, பக்கவாட்டுல வெளிய வர வகை. வெப்லி அண்ட் ஸ்காட் பேர்லயே இப்ப உத்தரப் பிரதேசம் ஹர்தோய் மாவட்டத்துல .32 ரிவால்வர் தயாராகுது. இதுல எத எடுத்தாலும் நான் முதல்ல கேக்கறது ஸ்பிரிங் ஒடைஞ்சா மாத்து ஸ்பிரிங் கிடைக்குமான்னு. துப்பாக்கில முதல்ல சாகறது ஸ்பிரிங் தான், இரும்பு இல்ல. எழுபது வருஷத்து வெளிநாட்டு பிஸ்டலோட ஃப்ரேம் இன்னும் நூறு வருஷம் நிக்கும், ஆனா ஸ்லைடு பின்னாடி வர வேகத்த தாங்கற ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்து போய் ஸ்லைடு வந்து ஃப்ரேம்ல மோதிக்கிட்டே இருந்தா அந்த நல்ல இரும்புலயும் விரிசல் விடும். மேகசின் ஒண்ணு தொலைஞ்சா திரும்ப கிடைக்கறதுக்குள்ள பாதி உயிர் போயிரும். நம்ம ஊர்ல உழைக்குமான்னு கேட்டா அதுல பாதி பாகம் கிடைக்குமாங்கற கேள்வி தான்.

இன்னொன்னு, .32-ன்னு பேர் ஒண்ணா இருக்கறதால ரெண்டு தோட்டாவும் ஒண்ணுன்னு நினைக்கறவங்கள நானே பாத்திருக்கேன். ரிவால்வர் தோட்டா 7.65×23, அடியில முழு விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டா 7.65×17, குட்டை, விளிம்பு அரைகுறையா தான் இருக்கும். மாத்தி போடறது ஆபத்து. அந்த அரை விளிம்புனால பிஸ்டல்ல ஒரு தனி தொந்தரவும் உண்டு: மேகசின்ல மேல இருக்கற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்குப் பின்னாடி போய் மாட்டிக்கிட்டா ரெண்டும் கொக்கி போட்ட மாதிரி பூட்டிக்கும், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா முன்னாடி போகாது. தட்டினாலும் சரியாகாது, மேகசினயே கழட்டணும். அதனால ரொப்பும் போது ஒவ்வொரு தோட்டாவும் கீழ இருக்கறதோட விளிம்புக்கு முன்னாடி உக்காருதான்னு பாத்துப் பாத்து போடணும், அவசரமா அமுக்கி ரொப்பக் கூடாது. இந்த மாதிரி சிக்கினத வச்சு நல்ல நல்ல பிஸ்டல ஓட்டை பிஸ்டல்னு வித்தவங்க இருக்காங்க.

பழசு வாங்கறப்ப நான் எப்படி பாப்பேன்னு சொல்றேன். போன வருஷம் உறவுக்கார பையன் ஒருத்தன் கூட டீலர் கடைக்கு போனேன், ஒரு பழைய ரிவால்வர் பாக்க. கடைக்காரர் வெளிய எடுத்து வச்சாரு, கறுப்பா பளபளன்னு புதுசு மாதிரி மின்னுது, பையன் கண்ணு விரிஞ்சு போச்சு. நான் முதல்ல திறந்து ஆறு அறையும் காலியான்னு கண்ணால பாத்து, சுண்டு விரலையும் விட்டு பாத்தேன், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இது இல்லாம அடுத்த வேலை கிடையாது. அப்பறம் அந்த பளபளப்பயே பாத்தேன். பேர் பொறிச்ச எழுத்தோட ஓரம் மழுங்கி இருக்கு, திருகாணி ஓட்டையச் சுத்தி பள்ளம் விழுந்த மாதிரி இருக்கு. துரு தின்ன இடத்த பஃபிங் போட்டு தேய்ச்சு மேல புதுசா ப்ளூயிங், அதான் துரு தடுக்கற கறுப்புப் பூச்சு, பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். திருகாணி தலைங்க ரெண்டு மூணு சிதைஞ்சிருக்கு, அளவு பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர வச்சு யாரோ உள்ள நோண்டியிருக்காங்க. உள்ள போனவன் சும்மா பாத்துட்டு மூடியிருக்க மாட்டான்.

அப்பறம் பேரல புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தேன், மடக்கற வகைல அந்த கீல் ஆணி தேய்ஞ்சா லேசா நெளியும், கைக்கு தெரியும். சினிமால வர மாதிரி ஒரு கைல உதறி மூடறவங்க துப்பாக்கில இது சீக்கிரம் வரும், பக்கவாட்டுல திறக்கற ரிவால்வர்னா சிலிண்டர தாங்கற இரும்புக் கை வளைஞ்சே போயிரும். கீல் பரவால்ல. அடுத்து கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஆறு அறையிலயும் டம்மி, அதான் மருந்தில்லாத போலி தோட்டா, போட்டு, ஹேமர மெதுவா, ரொம்ப மெதுவா, கட்டை விரலால பின்னாடி இழுத்தேன், இன்னொரு கை விரலால சிலிண்டர லேசா தடவி தடுத்துக்கிட்டே. ஹேமர் பின்னாடி போய் நிக்கறதுக்குள்ள சிலிண்டர் சுத்தி வந்து தன் இடத்துல உக்காந்திரணும். ஒண்ணு, ரெண்டு, மூணு சரியா உக்காந்துச்சு, நாலாவது அறைல ஹேமர் நின்னுருச்சு, சிலிண்டர் இன்னும் ஒரு மயிரிழை போக வேண்டியிருக்கு. அப்படியே சுட்டா குண்டு பேரல் வாய்ல நேரா நுழையாது, ஓரத்துல உரசி ஈயம் சீவி பக்கவாட்டுல தெறிக்கும். ஆறுல ஒண்ணு தானேன்னு பையன் கேட்டான். ஆறாவது வரைக்கும் போறதுக்குள்ள அந்த நாலாவது வந்துரும்லன்னேன்.

ட்ரிகர இழுத்துப் புடிச்சுக்கிட்டே சிலிண்டர சுத்திப் பாத்தேன், முன்னாடி பின்னாடி தள்ளிப் பாத்தேன், ஆட்டம் கொஞ்சம் இருந்துச்சு. பைக் மெக்கானிக் டாப்பெட் செட் பண்ற ஃபீலர் கேஜ் எப்பவும் என் பைல இருக்கும், சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல விட்டா 0.10-ல இருந்து 0.20 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், அங்க 0.30 சுலபமா நுழைஞ்சுச்சு. கடைசியா பேரலுக்குள்ள பாத்தேன், கட்டை விரல் நகத்த பின்னாடி வச்சா வெளிச்சம் நகத்துல பட்டு உள்ள விழும். பாதி தூரத்துல கறுப்பா ஒரு வளையம். முன்ன எப்பயோ மருந்து கம்மியான தோட்டால குண்டு நடுவுலயே சிக்கியிருக்கு, அது தெரியாம பின்னாடியே அடுத்தத சுட்டிருக்காங்க, பேரல் அந்த இடத்துல உப்பிருச்சு. சுடறப்ப சத்தம் மட்டமா புஸ்ஸுன்னு வந்தா உடனே நிறுத்தி இறக்கி பேரலுக்குள்ள பாக்கணும்னு நான் ஓயாம சொல்றது இதுக்குத் தான். வேண்டாம்னு எந்திரிச்சோம். அந்த ரிவால்வர் மேல இருந்த பேர் உலகத்துக்கே தெரிஞ்ச பேரு.

பிஸ்டல்னா பாக்கற இடம் கொஞ்சம் மாறும். ஸ்லைட கழட்டி காலி கேஸ் வெளிய வர ஜன்னலோட மூலை, ஸ்லைடு ஸ்டாப் மாட்டற பள்ளம் இங்கெல்லாம் முடி மாதிரி கோடு ஓடுதான்னு பாக்கணும், எண்ணெய தடவி துடைச்சுட்டு ரெண்டு நிமிஷம் விட்டா விரிசல்ல இருந்து எண்ணெய் திரும்ப கசியும், அப்ப தெரியும். ஹேமர் இருக்கற பிஸ்டல்னா காலியா வச்சு அத பின்னாடி நிறுத்திட்டு கட்டை விரலால முன்னாடி அழுத்திப் பாருங்க, ட்ரிகர தொடாம விழுந்துச்சுன்னா அந்த பிஸ்டல கீழ வச்சிட்டு வந்துருங்க. சேஃப்டி போட்டு ட்ரிகர நல்லா இழுத்துட்டு, விட்டுட்டு, அப்பறம் சேஃப்டிய எடுங்க, அந்த நேரத்துல ஹேமர் விழக் கூடாது. வெளிய ப்ளூயிங் தேய்ஞ்சிருக்கறத பத்தி நான் கவலையே பட மாட்டேன், உறைல போட்டு எடுத்து தேய்ஞ்சது அது. வெளிய தேய்ஞ்சு உள்ள இறுக்கமா இருக்கற துப்பாக்கி தான் எனக்குப் புடிக்கும்.

நம்ம தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போன கதை தர்மபுரில சின்ன பசங்களுக்கும் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதசாலைய காட்டினானாம், எல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி பளபளன்னு நின்னுச்சாம், அந்தம்மா எங்க அதியமான் வேலெல்லாம் குத்திக் குத்தி முனை ஒடைஞ்சு கொல்லன் பட்டறைல கிடக்குதுன்னு சொன்னாங்களாம். ஆர்மரர் வேலைக்கு சேந்தப்பறம் எனக்கு அந்த கதைல கண்ணுல படறது கொல்லன் பட்டறை தான். அந்த வேல திருத்திக் குடுக்க அவனுக்கு பக்கத்துலயே ஒரு ஆள் இருந்திருக்கான்.

என் சொந்த ரிவால்வர நானே கெடுத்த கதையும் சொல்லணும். 2019 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச்சுல எல்லாரும் மாதிரி துப்பாக்கிய டெபாசிட் பண்ணேன். குடுக்கறப்ப தோல் உறையோட அப்படியே குடுத்துட்டேன், நல்ல உறை, பாதுகாப்பா இருக்கும்னு நினைச்சேன். தேர்தல் முடிஞ்சு வாங்கி வந்து உறைல இருந்து உருவினா சிலிண்டர் பக்கவாட்டுல, பேரல் நுனில, தோல் ஒட்டியிருந்த இடமெல்லாம் செம்பொட்டா துரு. தோல் பதப்படுத்தறப்ப போடற உப்பும் ரசாயனமும் அதுல தங்கியிருக்கும், காத்துல இருக்கற ஈரத்த இழுத்து வச்சுக்கும், அத இரும்பு மேல கட்டி மாசக்கணக்குல வச்சா துரு புடிக்காம என்ன பண்ணும். 22 வருஷம் மத்தவனுக்கு சொல்லிக்குடுத்தவன் நான், என் பொருள்ல கோட்டை விட்டேன், அன்னைக்கு ராத்திரி சரியா தூங்கல. மெல்லிசான ஸ்டீல் வுல்லும் எண்ணெயும் வச்சு ரெண்டு நாள் உக்காந்து எடுத்தேன், அஞ்சாறு புள்ளி இன்னும் குழியா இருக்கு, போகாது. இப்பல்லாம் டெபாசிட் பண்ணும் போது சேம்பர், பேரல் எல்லாம் சுத்தம் பண்ணி, எண்ணெய் தடவி, எண்ணெய் நனைச்ச துணில சுத்தி, பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு குடுக்கறேன், நம்பர், நிலைமை எல்லாம் ரசீதுல எழுதி வாங்கறேன். தோட்டாவ தனியா, எண்ணெய் படாம. எண்ணெய் கேப் ஓரமா உள்ள எறங்கினா தோட்டா ஊமையாயிரும்.

இப்ப கேள்வி, எத்தனை சுட்டா நம்பலாம்? அமெரிக்காக்காரன் வீடியோல ஆயிரம் ரவுண்டு சுட்டுட்டு பாஸ்ங்கறான். நமக்கு லைசென்ஸ்ல எழுதின எண்ணிக்கை தான், அதுவும் விலைய பாத்தா கை வராது. என் பொண்ணு ஓசூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டி பிரிவுல இருக்கா, அவகிட்ட கேட்டேன். அவ சொன்னா, "அப்பா, 50 சுட்டு ஒண்ணு கூட தவறலன்னா உடனே நூத்துக்கு நூறுன்னு எடுத்துக்காதீங்க, தோராயக் கணக்குக்கு 3-அ 50-ஆல வகுங்க, உண்மைல நூத்துக்கு 6 வரைக்கும் தவற வாய்ப்பு இன்னும் இருக்கு. 300 சுட்டு தவறலன்னா தான் நூத்துக்கு ஒண்ணுக்குள்ள வருது". எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா நம்ம ஊர்ல எல்லாரும் ஒரு மேகசின் சுட்டுட்டு சூப்பர் பீஸுன்னு சொல்றாங்க. 300 ஒரே வருஷத்துல நம்மளால முடியாது. அதனால தான் நோட்டு. ஒவ்வொரு தடவையும் தேதி, எந்த தோட்டா, எத்தனை, எந்த மேகசின், வெயிலா குளிரா, சிக்கினா எப்படி சிக்குச்சு, கேப் பள்ளம் ஆழமா லேசா, எல்லாம் எழுதறேன். வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தாலும் அஞ்சாறு வருஷத்துல ஒரு கணக்கு வந்துரும். நடுவுல எதாவது பாகம் மாத்தினா அங்க ஒரு கோடு போட்டு எண்ணிக்கைய திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

தோட்டா செலவில்லாம டம்மி தோட்டாவ வச்சு நிறைய பாத்துக்கலாம். ஸ்லைட கையால இழுத்து விட்டு எட்டு டம்மியும் ஏறி எறங்குதான்னு மெதுவாவும் வேகமாவும் பாக்கறது, எக்ஸ்ட்ராக்டர் புடிக்குதான்னு பாக்கறது, இதுலயே பாதி கோளாறு தெரிஞ்சிரும். ஆனா இத பண்ணும் போது நிஜ தோட்டா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. ட்ரிகர் கனமா இருக்குன்னு நீங்களா அரம் வச்சு தேய்க்கறது, ஸ்பிரிங்க வெட்டறது வேண்டவே வேண்டாம், லைசென்ஸ் இருக்கற ரிப்பேர்காரர்கிட்ட குடுங்க. ஸ்பிரிங் வெட்டின ரிவால்வர் கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், தேவைப்படறப்ப டிக்குன்னு நிக்கும்.

அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் சிலர் இன்னும் நாட்டுத் துப்பாக்கிய பதுக்கி வச்சிருக்காங்க, பன்னி தொல்லைக்குன்னு சொல்றாங்க, எங்க தாத்தா காலத்துது உடையவே இல்லன்னு பெருமையா பேசறாங்க. முறையா வர துப்பாக்கி ஒவ்வொண்ணும் வெளிய வரதுக்கு முன்ன அளவுக்கு மேல அழுத்தம் வர தோட்டாவ சுட்டு சோதிச்சு முத்திரை குத்தினது, ஐரோப்பால சிஐபிங்கற சர்வதேச அமைப்போட முறைல கைத்துப்பாக்கிக்கு 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் வச்சு பாக்கறாங்க. நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த சோதனை நடக்கறது பிடிச்சிருக்கறவன் கைல தான். அதுல விரல் போன ஒருத்தர எனக்கு நேர்ல தெரியும். சட்டத்துக்கும் விரோதம், போலீஸ் ஒப்படைக்கச் சொல்றப்ப குடுத்துருங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

மச்சான் இப்ப தேங்காய் எண்ணெய விட்டுட்டான், நோட்டும் போட ஆரம்பிச்சுட்டான். அவன் பிஸ்டல் இது வரைக்கும் 74 ரவுண்டு, குளிர் காலைல 31, வெயில்ல 43, ரெண்டாம் நம்பர் மேகசின்ல மட்டும் ரெண்டு தடவை சிக்கியிருக்கு, ரெண்டும் கடைசி தோட்டால. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்னு நினைக்கறேன், டீலர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம், அது வர வரைக்கும் ஒண்ணாம் நம்பர் மட்டும் போடுன்னு சொல்லியிருக்கேன். என் ரிவால்வர்ல 212 ஆச்சு, தவறல, ஆனா போன மாசம் சுத்தம் பண்றப்ப ரெண்டாவது அறைல சிலிண்டர் உக்காரறது முன்ன விட கொஞ்சம் லேட்டா இருக்கற மாதிரி கைக்குப் பட்டுச்சு. நோட்டுல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், அடுத்த மாசம் திரும்ப பாத்துட்டு பேனால எழுதறதா அழிக்கறதான்னு முடிவு பண்ணணும்.